சைவநெறி எழுதிய ஜெசிந்தா

விண்ணப்பப் படிவம் நிரப்புவது உங்களுக்குப் பிடிக்காத வேலை என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளோடு பந்து விளையாட, நாடகம் பழக்க, பாட்டுச் சொல்லிக்கொடுக்க எல்லோரும் முன்னுக்கு வருகிறீர்கள். படிவக் கட்டை எடுத்து மேசையில் வைத்தால் மட்டும் ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு அவசர அலுவல் வந்துவிடுகிறது. உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொண்டு வேலையில் கிடந்துவிட்டு, இப்போது கூட்டங்களில் முன்வரிசைக் கதிரை தந்து இருத்துகிற நிலைக்கு வந்திருக்கிறேன். ஆனால் நான் விட்ட பிழைகளில் பெரிய பிழை ஒரு படிவத்தில்தான் நடந்தது. சோம்பலால் விட்ட பிழை என்றால் மறந்திருப்பேன். மிகுந்த சுறுசுறுப்போடு விட்ட பிழை அது. அதனால்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. நான் யாழ்ப்பாண நகரில் ஒரு தபாற் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். வீடு சுன்னாகத்தில். காலையில் சைக்கிளில் நகருக்கு வந்து, வேலை முடிந்ததும் குருநகர்ப் பக்கமாகக் கரையோரத்து ஒழுங்கை ஒன்றுக்குப் போவேன். அங்கே மீனவர் வலை வைக்கும் கொட்டில், ஒரு வலைவாடி, இருந்தது. போரால் கடலில் இறங்கத் தடை இருந்த காலம். தோணிகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. வாடிக்குள் வலை இல்லை, வலையின் மணம் மட்டும் இருந்தது. வாடிக்குச் சொந்தக்காரர் திறப்பை எங்களிடம் தந்துவிட்டார். "சும்மா பூட்டி வைச்சா எலிதான் குடியிருக்கும். பிள்ளையள் இருந்து படிக்கட்டும்" என்றார்.

நாங்கள் ஆறு பேர். எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது. எங்கள் குழுவுக்குத் தலைமை ஒரு கணித ஆசிரியர். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அப்போதும் இப்போதும் எங்களுக்கு அவர் மாஸ்டர். வாடிக்கு வந்தவர்கள் பதினேழு முதல் இருபது வயதுவரை உள்ள பிள்ளைகள். பாதிப் பேர் அந்த ஒழுங்கைகளைச் சேர்ந்தவர்கள். தகப்பனுக்குத் தொழில் இல்லாமல் போனபோது பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். மற்றவர்கள் தெல்லிப்பழைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்து, உறவினர் வீட்டுக் கோடிகளில் ஒதுங்கியிருந்தவர்கள். இவர்களை க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக இருத்துவதுதான் எங்கள் திட்டம். எல்லோரும் அதை ஓலெவல் என்றே சொல்வோம்.

முதல் வாரமே நான் ஒரு அடி வாங்கினேன். வகுப்பு மூன்று மணிக்கு என்று அறிவித்திருந்தோம். முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். அடுத்த நாள் இரண்டு பேர். மூன்றாம் நாள் நானும் மாஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். "உதுகளுக்குப் படிப்பிலை அக்கறை இல்லை, மாஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். அவர், "ஒழுங்கை முடக்கிலை ஒரு பைப் இருக்கு. அதடிக்கு ஒருக்காப் போட்டு வாரும்" என்றார்.

போனேன். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். அந்தப் பக்கத்துக் கிணறுகள் உவர். நல்ல தண்ணீர் குழாயில் மூன்று மணிக்கு வந்து நாலரைக்கு நின்றுவிடும். வாளி, குடம், தகரம் என்று வரிசை வளைந்து நின்றது. வரிசையின் நடுவில் நின்ற ஒரு உயரமான பிள்ளை என்னைப் பார்த்து, "ரீச்சர், நாலரைக்கு வையுங்கோ. எல்லாரும் வருவினம். தண்ணியில்லாமல் வீட்டை போனா அம்மா உள்ளுக்கு விடமாட்டா" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நாலரைக்கு வைத்தோம். வாடி நிறைந்துவிட்டது.

அந்த உயரமான பிள்ளைதான் ஜெசிந்தா. வயது இருபது. தாய் மாகிரட் அக்கா சின்னக்கடைச் சந்தையில் மீன் விற்பவர். தகப்பனுக்குக் கடல் இல்லாமல் போனதால் விறகு கொத்தப் போய்க்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்போடு நின்ற ஜெசிந்தாவுக்கு ஒரே ஒரு ஆசை: ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்குச் சேர வேண்டும். அதற்கு ஓலெவலில் ஆறு பாடம் சித்தியடைந்திருக்க வேண்டும். அவள் மிகக் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனக்கணக்கில் மாஸ்டரையே முந்துவாள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று நேரே சொல்வாள். எழுதக்கூடிய ஆறு பாடத்தை அவளும் மாஸ்டரும் இருந்து தெரிந்தெடுத்தார்கள். ஆறில் ஒன்று போனாலும் முழுவதும் போனமாதிரி.

இனிப் படிவத்துக்கு வருகிறேன். பதினான்கு பேர் பரீட்சைக்கு இருந்தார்கள். அந்த நாட்களில் கடதாசிக்கே தட்டுப்பாடு. சரியாகப் பதினான்கு படிவங்கள்தான் கிடைத்தன. ஒன்றைப் பழுதாக்கினால் இன்னொன்றுக்கு வழியில்லை. பிள்ளைகளின் எழுத்து கோணல். வெட்டித் திருத்துவார்கள். நான் தபாற் கந்தோர்க்காரி. என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஆகவே ஒவ்வொருவரிடமும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, கட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இருந்து, பதினான்கையும் ஒரு வெட்டும் இல்லாமல் நிரப்பி முடித்தேன். மாஸ்டர் பார்த்துவிட்டு, "நல்ல வடிவாய் இருக்கு" என்றார். ஒரு வாரம் அந்தப் பாராட்டிலேயே மிதந்தேன்.

பரீட்சைக்கு இருபது நாள் இருக்கையில் அனுமதி அட்டைகள் வந்தன. தபால் அப்போது கப்பலில்தான் வரும், நினைத்தால் வரும். எல்லா அட்டைகளும் என் பெயருக்கே வந்திருந்தன. கந்தோர் மேசையிலேயே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். வகுப்பில் இருந்த சைவப் பிள்ளை கௌரியின் அட்டை சரி. அதற்கு அடுத்தது ஜெசிந்தாவின் அட்டை. ஆறு பாடங்களில் ஐந்து சரி. ஆறாவது இடத்தில் ரோமன் கத்தோலிக்கம் என்று இருக்க வேண்டும். சைவநெறி என்று இருந்தது.

முதலில் என் மனம் என்ன சொன்னது தெரியுமா? கொழும்பில் யாரோ பிழை விட்டிருக்கிறார்கள் என்றது. நல்லவேளையாகப் படிவங்களின் பிரதியை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். என் அச்சு எழுத்தில், மிக வடிவாக, ஜெசிந்தாவின் பெயருக்கு நேரே சைவநெறியின் பாட இலக்கம். கௌரிக்கு எழுதிய கை, நின்று பார்க்காமல் அவளுக்கும் எழுதிவிட்டது. நான் சைவம். எனக்குப் பழக்கமான இலக்கம் அதுதான்.

அந்த அட்டையை இரண்டு நாள் என் கைப்பைக்குள் வைத்திருந்தேன். இதை உங்களிடம் மறைக்கவில்லை. திருத்தம் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன்; அது போய்ப் பதில் வருவதற்குள் பரீட்சை முடிந்துவிடும் என்று தபாற் கந்தோரில் இருந்த எனக்குத் தெரியாதா? என்றாலும் எழுதினேன். வாடியில் மற்றவர்களுக்கு அட்டைகளைக் கொடுத்துவிட்டு, "உம்மடையது இன்னும் வரேல்லை" என்று ஜெசிந்தாவிடம் பொய் சொன்னேன். ஏதாவது வழி கண்டுபிடித்துக்கொண்டு, வழியோடு சேர்த்துப் பிழையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். வெறுங்கையோடு போய் நிற்க எனக்கு வெட்கம்.

மூன்றாம் நாள் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று பயந்திருந்தேன். அவர் அட்டையின் திகதி முத்திரையைப் பார்த்தார்.

"இது எப்ப வந்தது?"

"திங்கட்கிழமை."

"இண்டைக்குப் புதன். இருபது நாளிலை ரெண்டு நாளை நீர் எடுத்திட்டீர். அது அவளின்ரை நாள்."

நான் அழத் தொடங்கினேன். அவர் தன் சைக்கிளை எடுத்தார். "அழுறதைப் பிறகு அழலாம். வாரும், வீட்டை போவம்."

"போய் என்ன சொல்லுறது, மாஸ்டர்? ஒரு வழியும் தெரியேல்லையே."

"வழி எங்களுக்குத்தான் தெரிய வேணும் எண்டு ஆர் சொன்னது? நடந்ததைச் சொல்லும். மிச்சத்தை அவையோடை சேர்ந்து யோசிப்பம்."

நாற்பது நிமிடம் யோசித்துச் சொன்ன வார்த்தை அல்ல. சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டிக்கொண்டு சொன்னது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இடர் வந்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

மாகிரட் அக்கா முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அட்டையை நீட்டினேன். ஜெசிந்தா வாசித்தாள். முகம் மாறியது. தாய்க்கு விளக்கிச் சொன்னாள்.

"கொழும்பிலை பிழை விட்டிருக்கிறாங்கள்" என்றார் மாகிரட் அக்கா. "எங்கடை பேரைக் கண்டா உவங்களுக்கு எல்லாம் ஒண்டுதான்."

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் விஷயம் அப்படியே போயிருக்கும். அந்த நாட்களில் கொழும்பைக் குறை சொன்னால் நம்பாதவர் எவரும் எங்கள் பக்கத்தில் இல்லை. மாஸ்டர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. வேலியில் நின்ற பூவரசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை அக்கா" என்றேன். "அவை விட்ட பிழையில்லை. நான்தான் பிழையாய் நிரப்பினனான். ரெண்டு நாளாய் அட்டையையும் ஒளிச்சு வைச்சிருந்தனான்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். சின்னக்கடையில் அவருடைய சத்தம் பிரசித்தம். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒரு வருசமாய் என்ரை பிள்ளை உங்களிட்டை வாறாள். நாங்கள் வேதக்காரர் எண்டு உங்களுக்குத் தெரியாதே? அவளின்ரை கழுத்திலை சிலுவை கிடக்கிறது தெரியேல்லையே?"

 தெரியும் என்றால் ஏன் எழுதினேன்? தெரியாது என்றால் ஒரு வருடமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

 ஜெசிந்தா மிச்சத் துணியைக் கொடியில் போட்டு முடித்தாள். பிறகு மாஸ்டரிடம் திரும்பினாள்.

"மாஸ்டர், இது மாத்த ஏலாதோ?"

"எழுதியிருக்கு. ஆனா நேரத்துக்கு மறுமொழி வராது."

"அடுத்த வருசம் எழுதலாமோ?"

"எழுதலாம். அடுத்த வருசம் சோதினை நடக்குமோ எண்டு நான் உமக்குச் சொல்ல ஏலாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சைவநெறியிலை என்ன படிக்க வேணும்?" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. மாகிரட் அக்காவுக்கு விளங்கிவிட்டது. "விசர்க் கதை கதையாதை" என்றார்.

"ஏனம்மா, பாடம்தானே? விஞ்ஞானத்தையும் தெரியாமல்தானே தொடங்கினனான்."

அக்கா அதற்குமேல் மறிக்கவில்லை. ஆனால் தங்கள் பாதிரியாரான பங்குச் சுவாமியிடம் கேட்காமல் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அடுத்த நாள் பின்னேரம் தாயும் மகளும் தங்கள் பங்குக் கோயிலுக்குப் போனார்கள். நான் வாடி வாசலில் நின்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய, அட்டை கட்டிய புத்தகம் இருந்தது. சைவநெறிப் பாடப் புத்தகம். சுவாமியின் அலுமாரிக்குள் இருந்து வந்ததாம்.

"சுவாமி குருமடத்திலை படிக்கேக்கை இதையும் படிச்சவராம்" என்றாள். "அம்மா பாவமோ எண்டு கேட்டவ. 'படிக்காமல் போய் இருந்து பார்த்தெழுதினால்தான் பாவம்' எண்டு சொன்னவர்."

நான் உடனே, "நான் படிப்பிக்கிறன். நாளைக்கே தொடங்குவம்" என்றேன். பிழையை ஈடுசெய்ய ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததே என்று எனக்கு அவசரம். மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீர் வேண்டாம்."

"ஏன் மாஸ்டர்? எனக்குத் தெரிஞ்ச பாடம்."

"தெரியும். ஆனா நீர் ஒவ்வொரு நாளும் அவளுக்கு முன்னாலை குற்றவாளி மாதிரி இருப்பீர். உம்மை ஆறுதல்படுத்துறதிலைதான் அவளின்ரை நேரம் போகும். கௌரியைக் கேப்பம்."

எனக்குச் சுட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. உதவி செய்யும் ஆசையில் பாதி எங்கள் மன ஆறுதலுக்காகத்தான் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

கௌரி தெல்லிப்பழையில் வெங்காயம் செய்த ஒரு கமக்காரரின் மகள். பதினெட்டு வயது. இடம்பெயர்ந்து வந்த நாளிலிருந்து யாரோடும் அதிகம் கதைக்க மாட்டாள். வகுப்பில் சுவரோடு ஒட்டி இருப்பாள். கேள்வி கேட்டால் தலையை ஆட்டுவாள். கணக்கு என்றால் அவளுக்கு நடுக்கம். ஆனால் சைவநெறி அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஊரில் கோயில் வீதியில் வளர்ந்தவள். மாஸ்டர் இருவரையும் இருத்தி ஒரு ஒப்பந்தம் செய்தார். காலையில் கௌரி ஜெசிந்தாவுக்குச் சமயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். பின்னேரம் ஜெசிந்தா கௌரிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கௌரி இப்படிக் கண்டிப்பான ரீச்சராக மாறுவாள் என்று ஒருவரும் நினைக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் ஏழு மணிக்கு மாகிரட் அக்கா வீட்டு முற்றத்தில் நிற்பாள். மரக்கறி மட்டும் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை. முதல் நாட்களில் மீன் மணத்துக்குத் தாவணித் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டுதான் கேள்வி கேட்டாள். ஒரு கிழமையில் தாவணி இடுப்புக்குப் போய்விட்டது. மாகிரட் அக்கா அவளுக்கென்று ஒரு தனிக் கோப்பையைச் சாம்பல் போட்டு மினுக்கி வைத்து, பனங்கட்டியோடு தேத்தண்ணி கொடுப்பார். "இந்தக் கோப்பையிலை மீன் கை பட்டதில்லை. பயப்பிடாமல் குடி" என்பார்.

நான் கந்தோருக்குப் போக முதல் வந்து, வேலிக்கு இந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்திக் கொஞ்சம் கேட்பேன்.

"உங்கடை சாமியளுக்கு ஏன் இவ்வளவு பேர்?" என்று ஜெசிந்தா கேட்பாள். "ஒராளுக்கே ஆயிரமாம். எப்பிடிப் பாடமாக்கிறது?"

"உங்கடை அந்தோனியார், செபஸ்தியார், சந்தியோகுமையார் எல்லாம் ஆர்?"

"அவை சாமியில்லை, புனிதர்."

"எங்கடையிலும் புனிதர் மாதிரி அறுபத்து மூண்டு பேர் இருக்கினம். அதைத்தான் இண்டைக்குப் படிக்கப் போறம்."

"அறுபத்து மூண்டோ?" என்று ஜெசிந்தா தலையில் கையை வைத்தாள்.

ஒருநாள் பதி, பசு, பாசம் என்ற பாடம். கடவுள், உயிர், உயிரைக் கட்டி வைத்திருக்கிற பிணைப்பு. கௌரி புத்தகத்தில் உள்ளபடி மூன்றுதரம் சொன்னாள். ஜெசிந்தாவுக்குப் பிடிபடவில்லை. நாலாம் தரம் அவளே கையை நீட்டிக் கரையைக் காட்டினாள். "அந்தத் தோணி உயிர். கட்டின கயிறு பாசம். கடல் கடவுள். கயிறு அவிழ்ந்தாத்தான் கடலுக்குப் போகலாம். அப்பிடியோ?" கௌரி புத்தகத்தைப் பார்த்தாள், தோணியைப் பார்த்தாள். "அப்பிடித்தான் எண்டு நினைக்கிறன்" என்றாள். "ஆனா சோதினையிலை முதலிலை புத்தகத்திலை இருக்கிறதை எழுது. பிறகு தோணியை எழுது."

இன்னொரு நாள் நாயன்மாரில் ஒருவரான மீனவரின் கதை வந்தது. நாள்தோறும் தன் வலையில் படும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுகிறவர். ஒருநாள் ஒரே ஒரு மீன்தான் பட்டது. அதுவும் பொன் மீன். அதையும் விட்டுவிட்டார். கௌரி இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாகிரட் அக்காவின் கத்தி நின்றது.

"மீன்பிடிகாரரும் உங்கடை ஆக்களிலை இருக்கிறாரோ?"

"ஓம் அன்ரி."

"ஒண்டுதான் பட்டதெண்டா அண்டைக்கு வீட்டிலை என்ன சமைச்சவை?"

கௌரி பக்கத்தைப் புரட்டினாள். "அது இதிலை இல்லை, அன்ரி."

"அந்தாளின்ரை பெண்சாதியைத்தான் நாயன்மாராக்கியிருக்க வேணும்" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பவும் மீனை வெட்டத் தொடங்கினார். கௌரி சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்ததை நான் முதன்முதல் கேட்டது அன்றைக்குத்தான். வேலிக்கு வெளியே நின்ற எனக்கும் கந்தோருக்குப் பிந்திவிட்டது.

பரீட்சை நாள் வந்தது. சமயப் பாடம் காலையில். நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மண்டபம். நானும் மாஸ்டரும் மாகிரட் அக்காவும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். ஒன்பது மணிக்கு மணி அடித்தது. பத்து நிமிடம் போயிருக்காது; உள்ளே ஜெசிந்தா ஒரு கட்டிடத்திலிருந்து வெளியே வந்து அடுத்த கட்டிடத்துக்கு ஓடுவதைக் கண்டோம். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து திரும்பி ஓடினாள். என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. படலையில் நின்றவர் எங்களை உள்ளே விடவில்லை. மாகிரட் அக்கா செபமாலையை எடுத்தார். சைவநெறிப் பரீட்சைக்காக அந்த வேப்பமரத்தடியில் எத்தனை 'அருள் நிறைந்த மரியே' சொன்னார் என்று எண்ணவில்லை. பன்னிரண்டு மணிவரை வாய் ஓயவில்லை.

நடந்தது இது. வினாத்தாள் கொடுத்துக்கொண்டு வந்த மேற்பார்வையாளர் அம்மா, பெயர்ப் பட்டியலில் மேரி ஜெசிந்தா என்று இருப்பதையும் கழுத்துச் சிலுவையையும் பார்த்திருக்கிறார். நல்ல மனுசி. பிள்ளை மாறி வந்து இருக்கிறது என்று நினைத்து, "கத்தோலிக்கம் அடுத்த மண்டபம், கெதியாய் ஓடும்" என்று எழுப்பிவிட்டார். இவள் சொல்ல வாய் திறப்பதற்குள் கையைப் பிடித்து வாசலில் விட்டுவிட்டார். அங்கே போனால் மேலதிகமாக ஒரு தாள் இருந்தது. அங்கிருந்த பெரியவர் அதைக் கையில் தந்துவிட்டார். முதலாம் கேள்வியைப் பார்த்தாளாம். சின்ன வயதில் ஞாயிறு வகுப்பில் படித்தது. கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

அவள் அட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். பெரியவர் யோசித்தார். "இதை எழுதுறதெண்டா எழுதும், பிள்ளை. நான் ஒரு குறிப்பு வைச்சு அனுப்பிறன். அங்கை ஏற்பினமோ இல்லையோ, அது எனக்குத் தெரியாது" என்றார்.

உங்களை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரு கையில், பிறந்ததிலிருந்து தெரிந்த பாடம். ஆனால் எண்ணுவார்களோ தெரியாது. மறுபக்கம், பதினாறு நாள் படித்த பாடம். ஆனால் அட்டையில் இருப்பது. நேரம் ஓடுகிறது. கேட்பதற்கு மாஸ்டரும் இல்லை, நானும் இல்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் தெரிந்த தாளைத்தான் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"எனக்கு என்ரை தாளைத் தாங்கோ, சேர்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி ஓடினாள். கால் மணித்தியாலம் போய்விட்டது. மேற்பார்வையாளர் அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு நெற்றியில் கையை வைத்தாராம். பிறகு, தன் கைக்குட்டையை எடுத்து அவளுடைய முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டு, "ஆறுதலாய் எழுதும்" என்றாராம்.

பன்னிரண்டு மணிக்கு ஜெசிந்தாவும் கௌரியும் ஒன்றாக வெளியே வந்தார்கள். நான் கேட்க முதலே கௌரி கேட்டாள்.

"தோணியை எழுதினனியோ?"

"முதல் புத்தகம், பிறகு தோணி."

ஓடின கதையை அவள் சொல்லி முடித்ததும், "ஏன் மற்றத் தாளை எழுதேல்லை?" என்றார் மாஸ்டர். 

"எழுதலாம்தான்" என்றாள் ஜெசிந்தா. "ஆனா அது சரிவராட்டி இன்னொராளைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பன். இதெண்டா நானே படிச்சு நானே எழுதினது. அதோடை இவள் இவ்வளவு நாளும் கத்தினது வீணாய்ப் போகக்கூடாது."

வைகாசியில் பெறுபேறு வந்தது. பதினான்கு உறைகளையும் நான் பிரிக்கவில்லை. கட்டியபடியே வாடிக்குக் கொண்டுபோய், அவரவர் கையில் கொடுத்தேன். அவ்வளவாவது படித்திருந்தேன். ஒன்பது பேர் சித்தி. ஜெசிந்தா ஆறு பாடமும் சித்தி. ஐந்தில் சாதாரண சித்தி. சைவநெறியில் மட்டும் அதற்கு மேலான திறமைச் சித்தி. கௌரி கணக்கில் சித்தியடைந்திருந்தாள். அவள் தாளை வாசித்துவிட்டு அப்படியே மணலில் இருந்துவிட்டாள். சுவாமிக்குச் செய்தி போனபோது, "அடுத்த முறை எங்கடை பிள்ளையளுக்குத் திருமறை படிப்பிக்கவும் கௌரியை அனுப்புங்கோ" என்று சொல்லி அனுப்பினார்.

ஜெசிந்தா அடுத்த வருடம் பயிற்சிக்குச் சேர்ந்தாள். சேருவதற்கு முந்தின கிழமை மாகிரட் அக்கா வாடிக்கு வந்தார். ஒரு வருடமாக அவர் என்னோடு மரியாதையாகத்தான் கதைத்தார்; மரியாதைக்கு மேல் ஒரு சொல் கதைத்ததில்லை. என் மேசையில் புதுப் படிவக் கட்டு இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, என்ரை சின்னவளுக்கும் நிரப்ப வேணும்."

"மாஸ்டரைக் கூப்பிடுறன் அக்கா" என்று நான் எழும்பினேன்.

"மாஸ்டரின்ரை எழுத்து கோழி கிளறினமாதிரி. நீங்கள்தான் நிரப்ப வேணும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அவளை முன்னாலை இருத்தி வைச்சுக்கொண்டு."

சின்னவளைக் கூப்பிட்டு வந்து என் முன்னால் வாங்கில் இருத்தினார். தானும் பக்கத்தில் இருந்தார். நான் பெயரைக் கேட்டு எழுதினேன். பிறந்த திகதியைக் கேட்டு எழுதினேன். ஒவ்வொரு பாடமாகச் சொல்லச் சொல்லி, எழுதினதை வாசித்துக் காட்டினேன். சமயம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

அவள் தாயைப் பார்த்தாள். "அம்மா, எதைச் சொல்ல? அக்காவுக்கு மற்றதிலைதானே கூடப் புள்ளி வந்தது" என்றாள்.

மாகிரட் அக்கா சிரித்த சிரிப்பில் வாடிக் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன.